கை மட்டும் தெரியும் வீடியோ

எனக்குச் சம்பளமே திட்டு வாங்குவதற்குத்தான். வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை. "உங்க மெஷினத் தூக்கிக் குப்பையில போடுய்யா" என்பான் ஒருவன். என்னைப் பெற்றவளையும் இழுப்பான். நான் குரலைத் தேனாக்கிக்கொண்டு, "புரியுது சார்" என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு ஒரு வார்த்தை வாய் தவறினால் சீட்டுக் கிழிந்துவிடும்.

வாங்கியதை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே! மதியம் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து வீடியோக்களின் கீழே திட்டி எழுதி இறக்கிவைப்பேன். பாட்டு, சமையல், நாய்க்குட்டி, எதையும் விட்டதில்லை. சொந்தப் பெயர் போடாததால் கூச்சமும் கிடையாது.

ஒருநாள் ஒரு தையல் வீடியோ வந்தது. பேச்சில்லை. இரண்டு கைகள் மட்டும் கிழிந்த சட்டைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தன. அன்று காலை போனில் ஒரு அம்மா என்னை அரைமணி நேரம் வறுத்தெடுத்திருந்தார். "இந்தக் கைக்கு ஊசி ஒரு கேடா?" என்று எழுதினேன். 'அனுப்பத்தான் வேண்டுமா? ஒருமுறை படித்துப் பாருங்கள்' என்று திரையில் வந்தது. நல்ல ஏற்பாடுதான். படித்தேன். காரம் போதவில்லை. "பேசாம பிச்சை எடு" என்று சேர்த்து அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். அவள் வேலை பார்த்த தையல் ஆலையை மூடியதிலிருந்து வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறாள். அவள் போடும் வீடியோவைப் பார்த்துத்தான் ஆட்கள் துணி கொண்டுவருகிறார்கள்.

"வீடியோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன்டா," என்றாள்.

"ஏன்க்கா?"

"நாப்பது பேர் நல்லாருக்குன்னு எழுதினாங்க. அதுல ஒண்ணும் ஞாபகமில்ல. ஒருத்தன் எழுதினது மட்டும் மனப்பாடமாயிடுச்சு."

சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

நான் எழுதியதேதான். என் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுத்த கைகள். பாவி, எனக்கு அடையாளம் தெரியவில்லையே!

"கிறுக்குப்பய. விட்டுத்தள்ளுக்கா," என்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"அவனுக்கு என்ன கஷ்டமோ," என்றாள். "லிங்க் அனுப்பினேனே, நீயாவது பார்த்தியாடா? நல்லாருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. மறுபடி போடறேன்."

பார்த்தேன் என்றால் எதை, எப்போது என்று கேட்பாள். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"நேரமே கிடைக்கலக்கா. இன்னும் பார்க்கல."

"சரிடா," என்றாள் அக்கா. "இனிமே பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல."