மூன்று வருடமாக அமுக்கிய பொத்தான்

புதுக் கணினியின் திரையிலும் அதே செய்திப் பெட்டிதான் வந்து நின்றது. 'ஒரு துணை நிரல் இல்லை. இருப்பதை வைத்துத் தொடரலாமா?' தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அதைக் கொசு விரட்டுவதுபோல் ஒரே தட்டில் விரட்டிவிடுவார்கள். மூன்று வருடமாக அங்கே பரிசோதகராக இருக்கும் அவளும்தான் 'சரி' அமுக்கினாள். இன்று விரல் நகர மாட்டேன் என்றது. மேசையில் இருந்த குப்பித் தண்ணீர், தங்கை குடியிருக்கும் தெருக்குழாயிலிருந்து வந்தது. "பிள்ளைக்குப் பால் கரைக்கலாமாக்கா?" என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள் தங்கை.

"அமுக்கிட்டுப் போங்கம்மா. பழைய கம்ப்யூட்டர்லயே ஈயம் லிட்டருக்கு ஆறு மைக்ரோகிராம்னு வந்தாச்சு. பத்துக்குள்ள இருந்தா போதும்," என்றார் தலைமை ஆய்வாளர். "நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"இல்லாதது எதுக்குன்னே தெரியாம எப்படி சார் போறது?"

கணினிப் பிரிவுக்காரர் தொலைபேசியில் இன்னும் இனிமையாகச் சொன்னார். "அதுல கை வைக்காதீங்க மேடம். திங்கக்கிழமை நானே வரேன்."

அவள் கை வைத்தாள். மென்பொருளை நிறுவிப் போன அந்தப் புண்ணியவானே கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருந்தார். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிரலின் பெயரைத் தேடி இறக்கினாள். அது வந்ததும் வராததுமாக இன்னொன்றைக் கேட்டது. அதைக் கொடுத்தால், இது புதுசு, எனக்குப் பழைய பதிப்புதான் வேண்டும் என்று முறுக்கிக்கொண்டது. கல்யாண வீட்டில் சம்பந்தி கூடத் தேவலை. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. நீயா நானா பார்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். மூன்றரை மணிக்கு மென்பொருள் திறந்தது. பெட்டி வரவில்லை.

அதே அளவீடுகளைக் கொடுத்தாள். பதினாலு. மறுபடி கொடுத்தாள். பதினாலேதான். உதவிப் பக்கத்தைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். உப்புத் தண்ணீரில் கருவி ஈயத்தைக் குறைத்துக் காட்டும். அந்தக் குறையைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் இல்லாமல் போன நிரலின் வேலை. இந்த ஊரில் உப்பில்லாத தண்ணீர் ஏது?

தலைமை ஆய்வாளர் திரையைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். "அப்ப மூணு வருஷ ரிப்போர்ட்டும் தப்புன்னு எழுதச் சொல்றீங்களா? ஆறுன்னே போட்ருங்கம்மா. உங்க வேலைக்கும் நல்லது."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் முன்னாலேயே போனை எடுத்தாள்.

"குடுக்காதடி. அந்தத் தண்ணியத் தொடாத. பக்கத்து வீடுகளுக்கும் சொல்லு. யார் கேட்டாலும் அக்கா சொன்னான்னு என் பேரையே சொல்லு."

வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய முதல் கோப்பை இழுத்தாள். தூசி தட்டிப் பிரித்தாள். 'பரிசோதித்தவர்' என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டது, குண்டு குண்டாக, ஆசையாக. அதன்மேல் இடது கையை ஊன்றிக்கொண்டு, திருத்திய மென்பொருளில் அதன் முதல் அளவீட்டைத் தட்டச்சு செய்தாள்.