கலத்தில் ஆள் அதிகம்

பத்திரிகை அலுவலகத்தில் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். வாராவாரம் ஒரு தொலைக்காட்சித் தொடரை எடுத்துத் தையல் தையலாகப் பிரித்துப் போடுவது அவர் வேலை. அடி வாங்கிய நடிகர்கள்கூட எதிரே பார்த்தால் வணக்கம் வைத்துவிட்டுத்தான் போவார்கள். நியாயமான மனிதர் என்று பெயர். ஐம்பது தாண்டிய வயதில் அவர் சேர்த்துவைத்திருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கை, தங்கையின் கணவர், அவ்வளவுதான்.

அந்த மாப்பிள்ளையும் எழுதுகிறவர். 'நெடுங்கலம்' என்ற விண்வெளித் தொடரின் கதைக்குழுவில் வருஷக்கணக்காக அடுத்தவர் வசனத்துக்குக் கால்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பூமியை விட்டுக் கிளம்பி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய்க்கொண்டே இருக்கும் ஒரு பெரிய விண்கலத்தின் கதை அது. ஐந்தாவது வருஷத்தில்தான் ஒரு முழு எபிசோடு மாப்பிள்ளையின் கைக்கு வந்தது.

உறவுக்காரர் எழுதியதை முன்கூட்டிப் படிப்பதில்லை என்று கத்தரி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஆனால் சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்திவிட்டு மாப்பிள்ளை தாள்களை நீட்டியபோது அவரால் மறுக்க முடியவில்லை. கதையில் இரண்டே பேர். கலத்தின் ஒரு கோடியில் கதவு இறுகிக்கொள்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கலத்தின் மருத்துவரும், அவருடைய கத்தியின் கீழ் செத்துப்போனவனின் மனைவியும். அவள் இயந்திரம் பழுதுபார்ப்பவள். அறையில் ஒருவருக்குத்தான் காற்று இருக்கிறது. பேசினால் காற்று குறையும். பேசாமலும் இருக்க முடியாது. கடைசியில் மருத்துவர், "அன்னைக்கு என் கை நடுங்கிச்சு" என்று ஒரே ஒரு வரி சொல்கிறார். கத்தரி தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனார்.

"என்னண்ணா, நல்லா இல்லையா?" என்று தங்கை கேட்டாள்.

"வாயை மூடிக்கிட்டு ஒளிபரப்புற வரைக்கும் காத்திரு" என்றார். தங்கை சிரித்தாள். அண்ணன் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஒளிபரப்புக்குச் சில நாள் முன்பு விமர்சகர்களுக்கு எபிசோடு வந்து சேர்ந்தது. கத்தரி அலுவலகத்தில் தன் மூலையில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவருக்கு மூச்சு முட்டியது. இறுகிய கதவுக்குப் பின்னால் மருத்துவரும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். அவர்களோடு கேலி பேசும் இயந்திர மனிதனும் இருந்தான். இளவரசி இருந்தாள், அவளுடைய நகலாகச் செய்யப்பட்ட இன்னொரு இளவரசியும் இருந்தாள். செத்துப்போனதாக நான்கு வருஷமாக நாம் நம்பிக்கொண்டிருந்த தளபதி, தளபதியைத் தேடிவந்த கொள்ளைக்காரி, கொள்ளைக்காரியைக் காதலித்த சமையல்காரன் என்று வரிசை போய்க்கொண்டே இருந்தது. இதற்கு நடுவே வெளியே ஒரு போர், ஒரு கல்யாணம், ஒரு பிரசவம். சந்தைக்குள் தொலைந்துபோன குழந்தையைத் தேடுவதுபோல் கத்தரி மாப்பிள்ளையின் கதையைத் தேடினார். மருத்துவர் "அன்னைக்கு என் கை" என்று வாயெடுத்தபோது இயந்திர மனிதன் ஒரு ஜோக் அடித்தான். காட்சி மாறிவிட்டது.

மறுநாள் மதியம் மாப்பிள்ளை அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். இருவரும் எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றார்கள். மாப்பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பாத்துட்டீங்களா மச்சான்?"

"பாத்தேன். என்ன மாப்பிள்ளை இது? ரெண்டு பேரைக் கேட்டா ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"நானா கூட்டினேன்? இந்த வருஷத்தோட தொடரை மூடிடலாமான்னு மேலிடத்துல யோசிக்கிறாங்க. அதனால எல்லாரோட கதையையும் இதுலயே முடிச்சிடணும்னு மேடம் சொல்லிட்டாங்க. ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு காட்சி வேணுமாம். தினமும் ஒரு ஆளை உள்ள தள்ளினாங்க. எழுதலைன்னா வேற ஆளை வெச்சு எழுதிப்போம்னாங்க."

மேடம் என்றது சேனலின் நிகழ்ச்சித் தலைவியை. மாப்பிள்ளை டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இந்த வாரம் நான் வேற எதையாவது எழுதிடறேன்" என்றார் கத்தரி. "இதைத் தொடவே வேண்டாம்."

"இல்ல மச்சான், எழுதுங்க. வெளுத்து வாங்குங்க. அவங்க உங்களைத்தான் படிப்பாங்க, வேற யார் சொன்னாலும் ஏறாது. கூட்டம் சேர்த்ததுதான் தப்புன்னு நீங்க எழுதினா, கடைசி ரெண்டு எபிசோடையாவது என் இஷ்டத்துக்கு விடுவாங்க. அந்த டாக்டரையும் அந்தப் பொண்ணையும் அதுலயாவது உட்கார்ந்து பேசவெச்சிடுவேன்."

"உங்க பேர்தானே திரையில வருது?"

"வரட்டும். ஒரு வாரம் ஊர் சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்."

கத்தரி அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினார். பொய் ஒரு வரிகூட இல்லை. பொய் எழுதத் தேவையும் இருக்கவில்லை. 'இந்தக் கலத்தைக் கவிழ்க்க எதிரி எதற்கு? ஏற்றியிருக்கும் ஆட்களே போதும்' என்று தொடங்கினார். 'யார் சாகிறார்கள் என்று நாம் கவனிப்பதற்குள் அடுத்தவர் பிறந்துவிடுகிறார். ஆட்களைக் குறையுங்கள், மூச்சு விட இடம் கொடுங்கள்' என்று முடித்தார். எபிசோடை எழுதியவர் தன் தங்கையின் கணவர் என்று எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் மாப்பிள்ளையின் யோசனை பலிக்காது என்று விட்டுவிட்டார்.

கட்டுரை நெருப்பாகப் பற்றிக்கொண்டது. இயந்திர மனிதனின் படத்தைப் போட்டுக் கத்தரியின் வரிகளை ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டார்கள். நிகழ்ச்சித் தலைவியும் படித்தாள். கதைக்குழுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கட்டுரையை உரக்க வாசித்தாள்.

"ஆளைக் குறைங்கன்னு சொல்றார். சரியாத்தான் சொல்றார்" என்றாள். "கதை யாரோடது?"

யாரும் பேசவில்லை. பேர் திரையிலேயே இருந்தது. ஒவ்வொரு ஆளையும் உள்ளே தள்ளியது வாய்வார்த்தையாகத்தான். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும், எல்லோருக்கும் குடும்பமும் இருந்தது. மாப்பிள்ளையைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. இயந்திர மனிதனின் பொம்மை கடைகளில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இளவரசியின் முகம் ஒரு சோப்பு விளம்பரத்தில் இருந்தது. குறைக்கக்கூடிய ஆட்கள் என்று பார்த்தால் மருத்துவரும் அந்தப் பெண்ணும்தான் இருந்தார்கள். அடுத்த எபிசோடின் முதல் காட்சியில், திரைக்கு வெளியே, அவர்கள் இருந்த அறை வெடித்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். இயந்திர மனிதன் தொப்பியைக் கழற்றினான்.

தங்கை போன் செய்தாள். "உனக்கு வேற ஆளே கிடைக்கலையாண்ணா?"

"அவர்தாம்மா எழுதச் சொன்னார்."

"அவர் கிணத்துல குதிக்கிறேன்னா நீ பின்னாடி நின்னு பிடிச்சுத் தள்ளுவியா? மூளை உனக்கு அதிகம்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

கத்தரியால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் சேனல் அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பறையில் நெடுநேரம் உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்க 'நெடுங்கல'த்தின் முகங்கள். மருத்துவரின் படம் இருந்த இடத்தில் சதுரமாக வெளுத்திருந்தது. கடைசியில் நிகழ்ச்சித் தலைவி தானே எழுந்து வந்து கை குலுக்கினாள்.

"எங்க கண்ணைத் திறந்தீங்க சார்."

"அதைப் பத்திதான் பேச வந்தேன். அந்தக் கதை அவர் எழுதினது இல்லைங்க. அவர் எழுதினதை நான் படிச்சிருக்கேன். அதுல ரெண்டே பேர்தான்."

அவள் புருவம் உயர்ந்தது. "நீங்க எப்படிப் படிச்சீங்க?"

அந்த இடத்தில் கத்தரி நிறுத்தியிருக்கலாம். நியாயமான மனிதராகவே இருந்த பழக்கம் நிறுத்த விடவில்லை. உறவைச் சொன்னார். டீக்கடைப் பேச்சைச் சொன்னார். உண்மையை முழுசாகச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் மனசு இளகும் என்று நினைத்தார்.

"அப்போ எங்க ஆளே, எங்க தொடரை, வெளியில இருந்து அடிக்கச் சொல்லியிருக்கார்" என்றாள் அவள் மெதுவாக. "சொன்னதுக்கு நன்றி சார்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த வாரத்துக்குள் சேதி எல்லா சேனலுக்கும் போய்விட்டது. சொந்த வீட்டுக்குக் கொள்ளி வைக்கிறவர் என்று மாப்பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தது. எந்தக் கதைக்குழுவும் அவரைச் சேர்க்கவில்லை. கத்தரியின் ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு, "தங்கச்சி புருஷன் கதைக்கு விமர்சனம் எழுதியிருக்கீங்க, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலை" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவருடைய வாராந்தரப் பத்தி நின்றது. பிழை திருத்தும் பகுதியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கத்தரி என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அண்ணே என்றார்கள், கொஞ்சம் பரிதாபமாக.

மாப்பிள்ளை அவரை ஒரு நாளும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வந்தால் "வாங்க மச்சான்" என்பார், டிவியைப் போடுவார், எது ஓடினாலும் பார்ப்பார். ஒரு தடவை, "அந்தத் தாளெல்லாம் வெச்சிருக்கீங்களா? வேற எங்கயாவது காட்டிப் பாக்கலாம்" என்று கத்தரி கேட்டார்.

"கலத்தோட உரிமை அவங்களுது மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "டாக்டரும் அவங்களோட ஆள்தான். எனக்கு அதுல என்ன இருக்கு?"

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்தரி தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கதவைத் திறந்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள். உள்ளறையில் மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்று கத்தரி கேட்டார்.

"வேண்டாம்ணா. தூங்கட்டும். முழிச்சா சும்மா உட்கார்ந்திருப்பார்."

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தாள், அவர் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினார்.