கூழைக்கடாவின் கொட்டாவி

"இன்னும் தூங்குதா, அண்ணி?"

"தூங்குது."

நாத்தனாருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது. நான் பம்ப் ஓட்டும் நீரேற்று நிலையத்துக் குளத்தில், பட்ட மரத்தின் மேல் கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. ஆட்டுக்குட்டி அளவு உடம்பு, இருந்து என்ன? அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டுவிட்டது. எனக்கு வேண்டியது அந்த அலகுதான். அதில் நீலப் புள்ளிகள் இருந்தால் இந்தப் பக்கம் அபூர்வமான இனம். போன வாரம் நான் பார்த்தேன். ஆனால் எங்கள் பறவைக் குழுவில் ஒருவர் சாட்சி செல்லாது, இருவர் பார்த்திருக்க வேண்டும். இன்றும் முடியாவிட்டால் என் குளத்தையே கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

குழுத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவரும் வந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், வாயைத் திறக்கச் சொல்றது உங்க தொழில்தானே? சொல்லிப் பாருங்களேன்," என்றாள் நாத்தனார்.

"நாற்காலியில வந்து உக்காந்தா சொல்லலாம்மா."

"கை தட்டட்டுமா?"

"தட்டிடாதீங்க! பறந்துட்டா உங்க அண்ணி என்னைக் கடிச்சே கொன்னுடுவாங்க."

அவருடைய போன் அடித்தது. திரும்பிக்கொண்டு, "வீங்கத்தான் செய்யும், உப்புத் தண்ணியில கொப்பளிங்க," என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பறவை தலையைத் தூக்கியது. அலகை வானத்தைப் பார்த்துப் பிளந்து, தாடைப் பை விரிய ஒரு கொட்டாவி. மேல் அலகில் வரிசையாக நீலப் புள்ளிகள்!

"பாரு, பாரு!" என்று நாத்தனாரை இடித்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைப் பிளந்து, அதே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் திறப்பதற்குள் அலகு சிறகுக்குள் போய்விட்டது.

"என்னடி இது?"

"அது விட்டதைப் பார்த்ததும் எனக்கும் வந்துடுச்சு. நான் என்ன பண்றது?"

"போனைக் கீழ வச்சுட்டார். பார்த்தேன்னு சொல்லித் தொலை."

டாக்டர் வந்தார். "வாயைத் திறந்துச்சா? புள்ளியைப் பார்த்தீங்களா?"

"நல்லா பார்த்தேன் டாக்டர்," என்றாள் நாத்தனார்.

"எந்த அலகுல?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே மேலே காட்டினேன். அதைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ, "கீழ் அலகுல," என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்களுமா கீழ பார்த்தீங்க?" என்று என்னைக் கேட்டார். மேலே என்று நான் சொன்னபோது, அவர் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் நீ."

"நல்லா இருக்கே! சொல்லச் சொன்னது யாரு?"