தோழமை அறையில் முதல் விசாரணை

திறப்பு விழாவில் பெரிய அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். 'மனம்' என்ற சொல்லை அவர் உச்சரித்த அழகில், அது இலாகா புதிதாகக் கொள்முதல் செய்த ஏதோ கருவி என்றே பலரும் நினைத்தார்கள். கோரங்களைப் பார்த்து நொந்துபோகும் காவலர்களுக்கு இனி சக காவலரே காது கொடுப்பாராம். அதற்கு ஒதுக்கிய இடம் நேற்றுவரை விசாரணை அறை. சுவருக்கு இளம்பச்சை அடித்து, 'தோழமை அறை' என்று பலகை மாட்டினார்கள். தரையோடு போல்ட் போட்ட நாற்காலியை மட்டும் பிடுங்க முடியவில்லை.

காது கொடுக்கத் தேர்வானவர், எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் காவலர். பாதி ஆயுளைக் குற்றப்பிரிவில் திருடர்களோடு கழித்தவர். பயிற்சியில் இதமாகத் தலையாட்டக் கற்றிருந்தார்.

முதலில் வந்தவர் ரோந்து ஜீப் டிரைவர். போன மாதம் கால்வாயில் விழுந்த வேனைக் கயிறு கட்டி ஜீப்பில் இழுத்தபோது, கயிறு நழுவிவிட்டது. உள்ளே இருந்த பெண் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து ஆக்ஸிலரேட்டரில் வைத்தாலே அவர் கால் வெடவெடக்கிறது. தெரிந்தால் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயந்து, உடன் ரோந்து வரும் காவலர் நெட்டையிடம் இடுப்பு வலி என்று சாக்குச் சொல்லி, ஸ்டியரிங்கைக் கொடுத்திருந்தார். வேலையையே விட்டுவிடலாமா என்ற யோசனை வேறு.

"உக்காருப்பா. சம்பவத்தப்ப நீ எங்க இருந்த?"

"டியூட்டில."

"சாட்சி யாரு?"

மீசை நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்க, வாய்ல அதான் வருது. தூக்கம் எப்படி?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்ணே."

"அடிச்சது யாரு?"

டிரைவர் எத்தனையோ பேரை இந்த அறைக்கு ஏற்றி வந்தவர். கேட்டதற்கு மட்டும் பதில், கண்ணைப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மீசை தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பழைய அஸ்திரத்தை எடுத்தார்.

"இங்க பாரு. நெட்டை எல்லாத்தையும் சொல்லிட்டான்."

டிரைவர் வெளிறிப்போனார். "இடுப்பு வலி பொய்யின்னு அவனுக்குத் தெரியுமா?"

அப்புறம் கேட்காமலே கொட்டியது. "நான் மெதுவா மிதிச்சிருந்தா கயிறு நழுவியிருக்காதுண்ணே. உள்ள அந்தம்மா கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்தாங்க."

மீசை தலையாட்ட மறந்துபோனார்.

மூக்கைத் துடைக்கும்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. "நெட்டை ஒண்ணும் சொல்லல, இல்ல?"

"நான் அவனப் பாக்கவே இல்லப்பா."

"இதே வித்தைய எத்தனை பேர்கிட்ட போட்டிருக்கீங்க. வெளில நின்னு சிரிச்சவனே நான்தான்."

"கோவமா?"

"செருப்பால அடிக்கணும் போல இருக்கு. நெஞ்சு கொஞ்சம் லேசாவும் இருக்கு."

"இங்க பேசினது வெளில போகாது. கால் விஷயத்த நீயா மேலதிகாரிகிட்ட சொல்லப் போறப்ப என்கிட்ட சொல்லு, நானும் கூட வர்றேன். வேலைய மட்டும் விட்டுடாத."

டிரைவர் நேராக ஜீப்புக்குப் போனார். ஸ்டியரிங்கில் நெட்டை உட்கார்ந்திருந்தார்.

"இடுப்புல ஒண்ணுமில்லடா. மிதிச்சா கால் நடுங்குது. அன்னிக்கு நான் வேகமா மிதிச்சதுதான்…"

நெட்டை இன்ஜினை அணைத்தார்.

"கயித்துல முடிச்சு போட்டது நான்டா," என்றார்.

நெட்டையும் அதே பாரத்தைச் சுமந்திருப்பார் என்று டிரைவருக்குத் தோன்றியதே இல்லை. ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"இறங்கு, மீசை அண்ணன்கிட்ட போலாம். கொஞ்சம் மிரட்டுவாரு, கண்டுக்காத."