வெயிலோடு ஏறும் தண்ணீர்

"மகேசண்ணே! அண்ணே!"

கிருஷாந்தினியின் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். ஓடைக்குள் நட்டிருந்த அளவுப் பலகையின் எண்களைத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. எண்பது. எண்பத்திரண்டு. இலங்கையின் மாத்தளை மலையில், இரத்தோட்டைக்கு மேலே, அவர்களுடைய எஸ்டேட்டில் பதினெட்டு நாளாக ஒரு பொட்டு மழையில்லை. அண்ணன் ஓடையோரமாக மலையேறிப் போய் ஐந்து மணி நேரமாகிவிட்டது.

அவன் போனதற்குக் காரணம் அவள்தான்.

காலையிலும் பின்னேரமும் பலகையைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று அம்ஹர் சேருக்கு அனுப்புவது அவள் வேலை. மலையில் பெய்கிற மழை எவ்வளவு, ஓடையில் வெளியே போவது எவ்வளவு என்று ஆராய்கிறவர் அவர். முன்பு நேபாளத்தில் பனிமலை உருகுவதை அளந்தவர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் மூன்று மாதமாக அவள் பின்னேரம் ஓடைக்கு இறங்கவேயில்லை. காலையில் பார்த்ததையே மறுபடியும் அனுப்பினாள். ஒரு பகலில் ஓடை எங்கே மாறிவிடப் போகிறது?

போன வாரம் மனசு கேட்காமல் இறங்கிப் பார்த்தாள். காலையில் முப்பதில் நின்ற தண்ணீர் ஐம்பதில் நின்றது. அடுத்த நாளும் அப்படியே. வெயில் ஏற ஏற ஏறியது, விடிவதற்குள் வடிந்தது. கையை விட்டால் விரல் மரத்துப்போனது.

உள்ளதை உள்ளபடி அனுப்பினாள். சேர் போனில் சத்தம் போட்டார். "பொய்க் கணக்கா அனுப்புறீங்க, மகள்? வெயிலுக்கு ஐஸ் உருகி வாற ஆறுதான் இப்பிடி ஏறி எறங்கும். மாத்தளையில ஏது ஐஸ்?"

முன்னால் அனுப்பியதுதான் பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணனிடம் அழுதாள்.

மகேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான். "மேல எவனோ ஐஸ்கிரீம் கடை போட்டிருக்கான் போல. நான் போய் போட்டோ புடிச்சு அனுப்புறேன், ஒங்க சேருக்குக் காட்டு. அழுவாத கழுத."

இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, மேலே போனவனிடமிருந்து ஒரே ஒரு போட்டோ வந்தது. முழுக்க வெள்ளை. மூடுபனி என்றுதான் நினைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த வெள்ளைக்கு ஒரு விளிம்பு இருந்தது. விளிம்பு நெடுகத் துளிகள் தொங்கின. அதற்குப் பிறகு அவன் போன் வேலை செய்யவில்லை.

இப்போது பலகையில் ஏதோ வந்து முட்டியது. அண்ணனின் நீல றப்பர் செருப்பு. எட்டி எடுத்தாள். அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்த மெல்லிய ஐஸ் அவள் உள்ளங்கைச் சூட்டில் உருகி, மணிக்கட்டு வழியே வழிந்தது.

போன் அடித்தது. அம்ஹர் சேர்.

"எவ்வளவு, மகள்?"

"எண்பத்தாறு சேர். மழையே இல்ல. அண்ணன் மேல போனாரு, இன்னும் வரல... போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க சேர்."

போனில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பார்த்தேன்." குரல் மாறியிருந்தது. "அழாம கேளுங்க. தேடுறதுக்கு ஆக்கள மேல அனுப்பணும். அதுக்கு முந்தி, அந்த ஐஸ் எத்தன நாளா உருகுதுன்னு தெரியணும். ரொம்ப நாளாயிருந்தா ஒரேயடியா ஒடஞ்சு எறங்கும். போற ஆக்களும் போயிருவாங்க. போன வாரம் வரைக்கும் மூணு மாசமா காலையும் பின்னேரமும் ஒரே அளவுதான் அனுப்பியிருக்கீங்க. நெசமாவே பார்த்தீங்களா? எப்ப இருந்து இப்பிடி வருது, மகள்?"