ஒரு விரல் உயரம்

விடிவதற்குள் எழுந்தான். பல் தேய்த்தான். தேநீர் போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். எண்ணெய்க் கறை போகாத சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினான். பட்டறைக்கு நடந்தான்.

ஷட்டரைத் தூக்கியதும் கிரீஸ் வாடை முகத்தில் அடித்தது. கம்ப்ரசரின் அடித்திருகைத் திறந்து, தேங்கியிருந்த துருத்தண்ணீரை வடித்தான். தரையில் மரத்தூள் தூவிக் கூட்டினான். பிறகு, முந்தின நாளே வந்து நின்ற காருக்கு ஜாக்கி கொடுத்தான்.

வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது இதுதான் பைத்தியம். நன்றாக இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போடுவது. வண்டி பதுங்கிய பூனை மாதிரி தரையோடு ஒட்டி நிற்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம். மூன்றாவது விரல் நுழைந்தால் வண்டிக்காரனுக்குச் சோறு இறங்காது.

பழைய ஸ்பிரிங்கை இடுக்கியில் மாட்டி, திருகித் திருகி நெரித்து வெளியே எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. குட்டை ஸ்பிரிங்கை உட்கார வைத்தான். போல்ட்டுகளை முறுக்கினான்.

அந்த முறுக்கில்தான் வினை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் இருக்கிறது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகே அதன் போல்ட்டை இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முரண்டு பிடிக்கும். வண்டி ஒரு விரல் உயரமாகவே நிற்கும். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும். முதலாளிக்கும் தெரியும். ஆனால் சக்கரம் ஊன்றியபடியே வண்டியை எடையோடு தூக்கும் ராம்ப் மழைக்காலத்திலிருந்து எண்ணெய் கக்கிப் படுத்துக் கிடந்தது. அதனால் தொங்கவிட்டே முறுக்கினார்கள். உயரம் அமையாவிட்டால் சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றுவார்கள். யாராவது அடியில் ஊர்ந்துபோய்த் தளர்த்தி இறுக்க வேண்டும். தாழ்த்திய வண்டிக்கு அடியில் எல்லா உடம்பும் நுழையாது. அவள் உடம்பு நுழையும்.

அவள் அவன் மனைவி. சக்கரக் கோணம் பார்க்கும் மெஷின் அவள் பொறுப்பில் இருந்தது. மழைக்காலத்து மதியம் ஒன்றில், அவனை ஸ்பிரிங் வாங்கிவரக் கடைக்கு அனுப்பியிருந்த நேரத்தில், வண்டி கட்டையிலிருந்து வழுக்கி அவள்மேல் உட்கார்ந்தது. அவன் திரும்பியபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

அதன் பிறகு பட்டறையில் யாரும் அவன் முகம் பார்த்துப் பேசவில்லை. அவனும் எதையும் கேட்கவில்லை.

முதலாளி வந்தார். குனிந்து இடது சக்கரத்தின் மேல் விரல் விட்டுப் பார்த்தார்.

"மூணு விரல் போகுதே தம்பி. வண்டிக்காரப் பையன் கிளம்பிட்டானாம்."

"தொங்கவிட்டு முறுக்கினது சார். ராம்ப்ல ஏத்தணும்."

"ராம்ப் வர்றப்ப வரும். கட்டையில ஏத்து."

"யார் சார் உள்ள போறது?"

முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் இப்ப நல்லா இளைச்சிருக்கியே."

அவர் குரலில் கேலி இல்லை. பெட்டியில் தேடி, அளவான ஸ்பேனரைக் கண்டெடுத்தவரின் நிம்மதி இருந்தது.

வெல்டர் தீப்பொறியை நிறுத்தினார். "வேணும்னா நான் போறேன் சார். வயித்தை மட்டும் வீட்ல வச்சிட்டு வந்துடறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"உன்னை யாரும் கூப்பிடல. இதப் பாரு தம்பி, அந்தப் பொண்ணு எங்கிட்ட எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கும் 'நான் பாத்துக்கறேன் சார்'னுதான் சொல்லிட்டு உள்ள போச்சு. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட அதத்தான் சொல்லியிருக்கேன். நாளைக்குத் திரும்பவும் வர்றாங்க. நீங்களும் அதத்தான் சொல்லணும்."

அவன் கட்டைகளை வைத்தான். வண்டியை ஏற்றினான். அட்டையை விரித்து மல்லாந்து, ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டான். போகவேண்டிய இடத்துக்குப் போவதுபோல் இருந்தது. பயமே வரவில்லை.

யாரோ கணுக்காலைப் பிடித்தார்கள். ஈரக் கை. ஒரே இழுப்பில் அவன் வெளியே வந்து விழுந்தான்.

வண்டி கழுவுகிறவர். எந்நேரமும் நனைந்தே இருப்பதால் அவருக்கு ஈரம் என்றே பெயர். அவர் முதலாளியைப் பார்த்து, "அந்தப் புள்ள அப்படிச் சொல்லல சார்" என்றார்.

"உனக்கென்னய்யா தெரியும்? தண்ணி சத்தத்துல இடி விழுந்தாலும் உனக்குக் கேக்காது."

"அன்னிக்குக் குழாயில தண்ணி வரல சார்."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் வெல்டர்.

பெயின்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான். "எனக்கும்."

"இத்தனை நாளா வாயைப் பூட்டியா வச்சிருந்தீங்க?"

"ஆமா சார்," என்றார் வெல்டர். "சாவி உங்ககிட்ட இருந்துச்சு."

முதலாளியின் கழுத்து சிவந்தது. "வெளிய போங்கடா எல்லாரும். ஒரு போன் போட்டா ஆள் வரிசையில நிப்பான்."

"போடுங்க," என்றார் வெல்டர். "ஒல்லியானவனாப் பாத்துக் கூப்பிடுங்க. நாங்க வாசல்லதான் இருப்போம். வர்றவன்கிட்ட ராம்ப் கதையச் சொல்லித்தான் உள்ள விடுவோம்."

வாசலில் வெயில் ஏறியிருந்தது. உள்ளே வண்டி கட்டைகள் மேல் அப்படியே நின்றது. முதலாளி போனில் யாரிடமோ கத்துவது தெருவரை கேட்டது.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றவங்க முன்னாடி ஒண்ணாப் போய் நிக்கணும்," என்றார் வெல்டர். "ஒருத்தன் சொன்னா அவனை அனுப்பிட்டு வேலையப் பாப்பாங்க."

"ராம்ப் சரியாகாம யாரும் அடியில போறதில்லைன்னும் சொல்லணும்," என்றான் பெயின்டர். "வேலை போச்சுன்னா?"

"போனா நாலு பேருக்கும் போகட்டும்," என்றார் வெல்டர். "பக்கத்துப் பட்டறையிலயும் இதே கட்டைதான். சாயங்காலம் அவங்களையும் பாப்போம்."

அவன் ஈரத்தின் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட ஏன்ணே சொல்லல?"

"உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல. அப்புறம் வேலை போயிடும்னு பயம். ரெண்டுந்தான்."

"அன்னிக்கு அவ என்ன சொன்னா?"

ஈரம் கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது.

"பாதி உள்ள போயிட்டு நின்னுட்டா. தலையைத் திருப்பி முதலாளியப் பாத்தா. அவர் போன் பேசிக்கிட்டே கையக் காட்டினார், போ போன்னு. அப்பதான் சொன்னா."

"என்னண்ணே சொன்னா?"

"'கட்டை ஆடுது சார்'னா."