ஓடாத வியாழக்கிழமை

“இன்னிக்கு வியாழக்கிழமையை ஓட்டுங்க,” என்றேன்.

நிலவறையில் இருந்த மூன்று கிழவர்களும் என்னைப் பார்க்கவில்லை. பிடிக்காததைக் கேட்டால் அவர்கள் அப்படித்தான். லோவெல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆரின் பியர் டின்னைத் திறந்தார். அந்த வீட்டின் சொந்தக்காரர் வெர்லின் ஸ்ட்ரூப், கையிலிருந்த குட்டி சரக்குப் பெட்டியின் சக்கரத்தில் இல்லாத தூசியை ஊதினார்.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா எனக்குப் பதினான்கு வயதிலேயே சொல்லியிருந்தாள். “அவங்க எதை ஓட்டுறாங்களோ அதைப் பாத்துட்டு வா. நம்ம கூரையை மாத்திக் குடுத்தது யாருன்னு ஞாபகம் வச்சுக்கோ.” பன்னிரண்டு வருஷம் ஞாபகம் வைத்திருந்தேன். போதும்.

வெர்லினின் நிலவறை முழுக்க எங்கள் ஊர் ரயில் பாதைதான். ஒட்டுப்பலகை மேல் பிளாஸ்டர் மலைகள், சாயம் போட்ட மரத்தூளில் இலையுதிர் காலக் காடு, நடுவே ஒற்றைத் தண்டவாளம். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைச் சுற்றிக்கொண்டு, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய், படிக்கட்டுக்கு அடியில் முடியும். அங்கே எப்போதும் 1973 அக்டோபர் மூன்றாவது வாரம். அந்த வாரத்துப் பதிவேடுகளை விசாரணைக்காக நகல் எடுத்து வைத்ததால் அவை மட்டும் முழுசாகக் கிடைத்தன. மாதத்தின் முதல் சனிக்கிழமை மூவரும் கூடி அந்த வாரத்தின் ஒரு நாளை ஓட்டுவார்கள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டி என்று எல்லாம் காகிதத்தில் இருந்தபடியே. சுவர்க் கடிகாரம் நாலு மடங்கு வேகத்தில் சுற்றும். திங்கள் முடிந்தால் அடுத்த மாதம் செவ்வாய், அதற்கடுத்த மாதம் புதன், பிறகு வெள்ளி.

வியாழக்கிழமை என் அப்பா செத்த நாள்.

எமில் ஹுடாக், 61ஆம் நம்பர் கூட்ஸின் டிரைவர். கெரிக் ஸ்டேஷனில் லூப் லைனில் ஒதுங்கி, எதிரே வரும் நிலக்கரி வண்டிக்கு வழி விட்டிருக்க வேண்டும். நிற்காமல் போய்விட்டார். ஸ்லேட் வளைவில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. அப்பாவும், எதிர்வண்டி டிரைவர் பாய்ட் டிரெஸ்லரும், இன்னும் இரண்டு பேரும் செத்தார்கள். எனக்கு மூன்று வயது. கைகாட்டியில் சிவப்பு காட்டினேன், நிற்கச் சொல்லும் உத்தரவுக் காகிதத்தையும் கொடுத்தேன் என்று கெரிக் ஸ்டேஷன் மாஸ்டர் விசாரணையில் சொன்னார். அவர்தான் வெர்லின். எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது, இதோ, என்று 61இன் கடைசிப் பெட்டியில் வந்த ரயில்வே கார்டு தன் காகிதத்தை எடுத்து நீட்டினார். அவர்தான் ஆரின். அப்பாவின் பிரதி எரிந்துபோயிருக்கும் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

சர்ச் கூடத்தில் ரயில்வேயில் செத்தவர்களுக்கு ஒரு பித்தளைப் பலகை உண்டு. அந்த வியாழனுக்கு அதில் மூன்று பெயர்கள்தான், அப்பாவின் பெயர் இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அதே கூடத்தில் மீன் வறுத்துப் பரிமாறுவார்கள். பாய்டின் மனைவி நோரீன் டிரெஸ்லர் வந்தால், நாங்கள் இருக்கும் மேசைக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அம்மா சாப்பிடாமல் எழுந்துவிடுவாள்.

“காலேஜுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? பாலம் கீலம் இடிஞ்சு போச்சா?” என்றார் ஆரின். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பாலங்களைச் சோதிப்பது என் வேலை. அதனால் இங்கே எனக்கு டெக்லா என்ற பெயரே கிடையாது, ‘காலேஜ்’தான்.

“விசாரணை அறிக்கையை வரவழைச்சுப் படிச்சேன். அறுபத்திரண்டு பக்கம். எங்கப்பா தப்பு பண்ணியிருந்தா அதை என் கண்ணால பாக்கணும். ஓட்டுங்க.”

“இது பொம்மை விளையாட்டுடி. கோர்ட்டு இல்ல.”

“பொம்மைக்கு ஏன் இவ்ளோ பயம் ஆரின் அங்கிள்?”

“வேற ஒரு நாள் பாக்கலாம்மா,” என்றார் வெர்லின். “புதன்கிழமைக்குப் பெட்டியெல்லாம் அடுக்கியாச்சு.”

அப்போதுதான் லோவெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்று கன்ட்ரோலராக இருந்து, அறுபது மைல் தள்ளியிருந்த அறையிலிருந்து போனில் அந்த உத்தரவைச் சொன்னவர் அவர். “ஓட்டுவோம்டா. இருபத்து மூணு வருஷமாச்சு. நான் சொன்ன உத்தரவுலயே கோளாறோன்னு எத்தன தடவை எனக்குள்ளயே கேட்டிருக்கேன் தெரியுமா? எனக்கும் பாக்கணும்.”

“உனக்கும் கிறுக்குப் பிடிச்சிடுச்சா?” என்றார் ஆரின்.

லோவெல் படிக்கட்டுக்கு அடியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டார். கன்ட்ரோலர் வண்டிகளைப் பார்க்கக் கூடாது. போன் மட்டும்தான்.

எனக்கு எப்போதும் சுரங்கக் கிளைப் பாதையில் பெட்டி தள்ளும் வேலையைத்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு 61ஐ நானே எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. கடிகாரத்தை மூன்றரைக்கு வைத்தேன். வேகக் குமிழைத் திருப்பியதும் பச்சை எஞ்சின் முப்பத்தெட்டுப் பெட்டிகளோடு நகர்ந்தது. அப்பாவின் எஞ்சின். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் நீளம்.

விதி சுலபம். ஒரு வண்டிக்கு உத்தரவு வருகிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் கைகாட்டியைச் சிவப்பாக்க வேண்டும். பிறகுதான் எழுத வேண்டும். சிவப்பு என்றால் என்னிடம் காகிதம் இருக்கிறது, வாங்கிக்கொள் என்று பொருள். பச்சை என்றால் உனக்கு ஒன்றும் இல்லை, போய்க்கொண்டே இரு.

மூன்று ஐம்பத்தொன்று. வெர்லினின் போன் அடித்தது.

“கெரிக்,” என்றார் வெர்லின்.

“61க்கு உத்தரவு. எழுதிக்கோ.” திரைக்குப் பின்னால் லோவெலின் குரல் மாறியிருந்தது. வேலையில் இருந்தபோது அப்படித்தான் பேசியிருப்பார். “கைகாட்டி சிவப்பா?”

வெர்லின் பேனாவைக் கீழே வைத்தார்.

என் வண்டி துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது.

“கெரிக், கைகாட்டி சிவப்பா?”

நான் கைகாட்டியைப் பார்த்தேன். தீக்குச்சி உயரம். சிவப்புதான். எனக்குத் தெரிந்த நாளிலிருந்தே அது சிவப்பு. இந்த நிலவறையில் எல்லா வண்டியும் கெரிக்கில் நிற்கும், காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கிழவர்களின் வழக்கம் என்று நினைத்திருந்தேன். குனிந்து அதன் நெம்புகோலை விரலால் தள்ளினேன். அசையவில்லை. அடியில் பசை கட்டியாக உறைந்திருந்தது.

“ஏன் இதை ஒட்டி வச்சிருக்கீங்க?”

“வெர்லின், வாயைத் திறக்காதே,” என்றார் ஆரின்.

வெர்லின் போனை வாயருகே கொண்டுபோனார். கண்ணெதிரே இருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“பச்சை. லோவெல், பச்சைடா.”

61 கெரிக்கைக் கடந்து போனது. நான் குமிழைத் தொடவில்லை.

திரை விலகியது. “என்ன சொன்னே?”

“அன்னிக்கு சிவப்புன்னு உங்கிட்ட சொல்லிட்டேன். எல்லாரும் அப்படித்தானே? நேரம் மிச்சம்னு வாயால மொதல்ல சொல்லுவோம், கைகாட்டியைக் கையால அப்புறம் இழுப்போம். எழுதி முடிச்சு இழுக்கலாம்னு இருந்தேன். ஒருத்தன் பார்சல் கேட்டு ஜன்னல்ல தட்டினான். பூட்ஸ் பார்சல். தேடிக் குடுத்துட்டுத் திரும்பினா வண்டி ஜன்னலைத் தாண்டிப் போயிட்டிருக்கு. காகிதம் மேசை மேலயே கெடக்கு.”

“உன்கிட்டயும் ஒரு காகிதம் இருந்துதேடா ஆரின்!” என்றார் லோவெல்.

ஆரின் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மோதினப்புறம் ரெண்டு மைல் கெரிக்குக்குத் திரும்பி ஓடினேன். அங்க இவன் அந்தக் காகிதத்தை என் கையில திணிச்சான். நான் கடைசிப் பெட்டியில தூங்கிட்டு வந்தேன், போதுமா? கைகாட்டியை நானும் பாத்திருக்கணும். ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். இவனுக்கு நாலு புள்ளைங்க. எமில் செத்துட்டான். செத்தவனுக்கு வேலை போகாது.”

“நீங்க மனுஷங்களாடா,” என்றார் லோவெல். படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன். என் அப்பாவுக்கு அன்று வழி திறந்திருந்தது. அவ்வளவுதான். வழி திறந்திருந்ததால் போனார்.

“ரொம்ப உசத்தியா பாக்காதே,” என்றார் ஆரின். “உங்கம்மாவுக்குத் தெரியும். அந்த வாரமே இவன் அவ காலைப் பிடிச்சு அழுதான். அவதான் விடுங்கன்னா. உன்னைத் தூக்கி வச்சிக்கிட்டு அவ யாரோட மல்லுக்கு நிப்பா?”

கூரை. ஒவ்வொரு பனிக்காலமும் விடிவதற்குள் எங்கள் வாசலில் வாரி ஒதுக்கியிருக்கும் பனி. என் முதல் காரின் பிரேக். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

“எழுதி வச்சிருக்கேம்மா,” என்றார் வெர்லின். “எல்லாத்தையும். கையெழுத்துப் போட்டு வக்கீல்கிட்ட குடுத்திருக்கேன். நான் போனப்புறம் பிரிப்பாங்க. சத்தியமா.”

“நோரீன் டிரெஸ்லருக்கு எழுபத்தாறு வயசு. யார் முதல்ல போறீங்கன்னு பாக்கலாம்னு இருக்கீங்களா?”

“என் பொண்டாட்டி ஆர்டித்துக்கு ஒண்ணும் தெரியாது. பேரப் பசங்க…”

“எனக்கும் ஒரு அப்பா இருந்தார். நோரீன் வீடு நாலு தெருதான். இப்பவே என்கூட வந்து அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

அவர் எழுந்திருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்தார். பிறகு அதே நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்துகொண்டார்.

கோட்டை எடுத்து மாட்டினேன். லோவெல் நகர்ந்து வழி விட்டார். “நான் சொன்ன உத்தரவு சரிதான்னு நோரீன்கிட்ட சொல்லும்மா,” என்றார். அவருக்கு அவர் கவலை.

மேலே சமையலறையில் ஆர்டித் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கிக்கொண்டிருந்தாள். “அதுக்குள்ள கெளம்பிட்டியா? உங்கம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயேன், டெக்லா கண்ணு.”

“வேண்டாம் ஆன்ட்டி.”

“ஏன், முகம் இப்படி இருக்கு? அந்தக் கெழவனுங்க ஏதாவது வம்பு பண்ணாங்களா?”

“வெர்லின் அங்கிளைக் கேளுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள கேட்டுருங்க.”

தெருவில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. இடப்பக்கம் அம்மா வீடு. அவளிடம் முதலில் கேட்கலாம். வேண்டாம் என்பாள், அழுவாள், நான் உட்கார்ந்துவிடுவேன். காரை அங்கேயே விட்டுவிட்டு வலப்பக்கம் நடந்தேன், டிரெஸ்லர் வீட்டுக்கு.